ஒன்பது நாள் எண்ணெய்

மார்கழிப் பனியில் தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தது. பாட்டிலை வெந்நீர்ச் சொம்பில் நிறுத்திவிட்டு, என் நாத்தனார் தென்றலை எழுப்பப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சென்னைக்கு பஸ் ஏறுகிறாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சேர்ந்த அன்றைக்கே அடையாள அட்டைக்கு போட்டோ எடுப்பார்களாம். இவளுக்கோ இரண்டு கன்னமும் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது.

சரி பண்ணுவது என் பொறுப்பு என்று சொல்லியிருந்தேன்.

விஷயம் எளிதுதான். சோப்பு, தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் பயத்தம் மாவு. கழுவிய முகத்தைக் காயவிடாமல், ஈரத்தோடு இரண்டு சொட்டு எண்ணெய். எண்ணெய் ஈரம் தராது. இருக்கிற ஈரம் ஓடிப்போகாமல் மூடி வைக்கும். பால் சட்டிக்குத் தட்டு மாதிரி.

"இன்னும் ரெண்டு நாள் தடவுனீங்கன்னா, என் கன்னத்துல அப்பளமே பொரிக்கலாம் அண்ணி" என்று நேற்றுகூடக் கிண்டல் பண்ணினாள்.

மூன்று நாளில் சரியாகியிருக்க வேண்டும். இது ஒன்பதாவது நாள். அதே வறட்சி.

சரியாகாதது இன்னொன்றும் இருந்தது. வேலைக் கடிதம் வந்ததிலிருந்து மாமா, அதாவது அவள் அப்பா, அவளோடு பேசுவதில்லை. பஸ் ஸ்டாண்டுக்காவது வருவாரா என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

தினமும் அவள் முகம் கழுவிய பிறகுதான் பார்ப்பேன். இன்று முந்திக்கொண்டேன்.

கண்மூடிப் படுத்திருந்தாள். கன்னத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ. தொட்டுப் பார்த்தேன். உரிந்த தோல் என்றால் சொரசொரக்கும். இது மாவாக விரலோடு வந்தது. லேசாகக் கற்பூர வாசனை.

விபூதி.

இரண்டு கன்னத்திலும், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இழுத்துவிட்டிருந்தது.

இந்த வீட்டில் அப்படித்தான். வயிற்றுவலிக்கு வயிற்றில், முட்டிவலிக்கு முட்டியில். விடியும் முன்பே எங்கள் ஊர் வேங்கிக்காலிலிருந்து சைக்கிள் மிதித்துப் பெரிய கோயிலுக்குப் போய், விபூதிப் பொட்டலத்தோடு திரும்புகிறவர் மாமா ஒருவர்தான்.

சாம்பல் எண்ணெயை உறிஞ்சும். பிசுக்குப் பாத்திரத்தை அதைப் போட்டுத் தேய்ப்பது எதற்காக? நான் தடவத் தடவ, இது குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

எனக்கு ஒரே சந்தோஷம். அவள் தோளைத் தட்டினேன்.

"காரணம் புடிச்சிட்டேன்டி. மாமாகிட்ட பக்குவமா சொல்லி நிறுத்திடறேன்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் குரலில் தூக்கக் கலக்கம் துளியும் இல்லை.

"வேணாம் அண்ணி. எண்ணெய என் பையில வச்சிடுங்க. பஸ் ஏறினப்புறம் தடவிக்கிறேன்."