இரண்டு மொட்டை

"யோவ் ஏகாம்பரம், நீயெல்லாம் ஒரு மன்சனாய்யா?"

தண்ணி லாரி இரைச்சலையும் மீறி நாகம்மாக்கா கத்தினாள். திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவே குடத்தோடு வரிசையில் நின்றது.

ஏகாம்பரம் அண்ணன் அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. அவர் மனைவி தாட்சாயிணி அக்கா இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள். மொட்டைத் தலையிலிருந்து முந்தானை நழுவி நழுவி விழுந்தது.

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் அந்த வார்டு வாசலில் புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வந்து, பக்கத்து வீட்டுப் பத்மாதான் சொன்னாள். "உனக்கா தாட்சா?" என்று நாகம்மாக்கா கேட்டதற்கு, "ஆமாக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நாளில், இடுப்புக்குக் கீழே தொங்கும் அந்தச் சடையும் போய்விட்டது.

அண்ணனும் மொட்டைதான். பொண்டாட்டிக்காக வேண்டுதல் என்று பேசிக்கொண்டோம்.

"மொட்டை அடிச்சிகினா மட்டும் ஆச்சா? ஆபரேசன் பண்ண பொம்பளை கொடம் தூக்குறா. நீ ராஜா மாரி குந்திகினு பாக்குற!"

"சும்மா இருக்கா. நான்தானே தூக்குறேன், உனுக்கு இன்னா வந்துச்சி?" என்றாள் தாட்சாயிணி அக்கா.

"நீ பேசாத. நீ குடுக்குற எடம், அதான் இவன் இப்டி கீறான்."

பத்மாவும் சேர்ந்துகொண்டாள். "எங்க ஊட்டுக்காரரு, எனக்கு லேசா காய்ச்சல்னாலே அவரே சோறு ஆக்கிடுவாரு."

"ஆக்குவாரு. அதை யாரு துன்றது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வர, வரிசையே சிரித்தது.

அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து வந்தார். ரொம்பி நின்ற இன்னொரு குடத்தைக் கழுத்தோடு பிடித்து, வலது கையால் தூக்கினார்.

"ஐயோ, அந்தக் கையில வேணாம்!"

தாட்சாயிணி அக்கா இரண்டு குடத்தையும் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். தண்ணீர் தெருவெல்லாம் ஓடியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வெயிட்டு தூக்குனா கை வீங்கிக்கும்னு டாக்டரு சொன்னாரில்ல? இன்னாத்துக்குயா இப்டி பண்ற?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

நாகம்மாக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அவன் கைக்கு இன்னாடி? ஆபரேசன் உனக்குத்தானே?"

அண்ணன் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

"வேணாம்யா" என்று தாட்சாயிணி அக்கா தடுத்தாள்.

அவர் கேட்கவில்லை. வலது கையைப் பாதிக்கு மேல் தூக்க வரவில்லை. அக்குளில் நீளமாக ஒரு தழும்பு.

"மார்புப் புத்துநோயி எனக்குத்தான்க்கா."

"ஆம்பளைக்கா? அதுவும் அக்குள்லயா?"

"நானும் அப்டித்தான் கேட்டேன். மொதல்ல வேனல் கட்டின்னு களிம்பு பூசிகினு இருந்தேன். பெருசாயிகினே போச்சி. சதை எடுத்து டெஸ்ட்டு பண்ணாங்க. பொறக்கும்போதே சில பேருக்கு அக்குள்ல கொஞ்சம் மார்புச் சதை தங்கிடுமாம். ஆம்பளைக்கும்தான். அதுல வந்துகீது. ரொம்ப அபூர்வம்னு டாக்டருங்களே கூடிக் கூடி வந்து பாத்தாங்க. வெட்டி எடுத்து, மருந்து ஏத்தி, இனிமே பொம்பளைங்களுக்குத் தர்ற மாத்திரையேதான் அஞ்சு வருசத்துக்கு எனக்கும்."

நான் இடுப்பிலிருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டேன். ஒரு உடம்புக்குள்ளே என்னென்ன இருக்கிறது!

"பின்ன இவ ஏன் தனக்குன்னு சொன்னா?"

"பொம்பளை வியாதி வந்தவன்னு லேத்துப் பட்டறையில சிரிப்பானுங்க, தெருவே சிரிக்கும், ஆபரேசனும் வேணாம் ஒண்ணும் வேணாம், செத்துப் போறேன்னு குந்திட்டேன். 'யாராச்சும் கேட்டா எனக்குன்னு சொல்லிக்கறேன், நீ பொழைச்சி வந்தா போதும், எழுந்து வா'ன்னு இவதான் இட்டுகினு போனா."

யாரும் குடத்தை நகர்த்தவில்லை. நாகம்மாக்கா, தாட்சாயிணி அக்காவின் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடியே, நோயே இல்லாத உனக்கு முடி எப்டிடி கொட்டுச்சி?"

அக்கா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

"கொட்டலைக்கா, நானே அடிச்சிகினேன். மருந்துல அவருக்குக் கொட்டி, எனக்குக் கொட்டாம இருந்தா, நீங்கல்லாம் கண்டுபுடிச்சிட மாட்டீங்களா?"