தொட்டால் கொத்திப்புடுவேன்

கிட்ட வந்து உக்காருங்க. இது ஒரு கோபக்காரக் காக்காவோட கதை.

வேலமரத்தில் ஒரு காக்காக் குடும்பம் இருந்தது. குஞ்சுக்கு வடையைத் தவிர எதுவும் தொண்டையில் இறங்காது. புழுவை நீட்டினால் முகத்தைத் திருப்பும். வேப்பம்பழம் கொடுத்தால் துப்பிவிடும். அப்பன் காக்காவோ டீக்கடையிலிருந்து தினமும் வடையோடு வந்து நிற்கும். மழைக்காலம் நெருங்கிவிட்டது, குஞ்சுக்கு இன்னும் பறக்கிற அளவுக்கு இறகு முளைக்கவில்லை.

தாய்க்காக்காவுக்கு வயிறு எரிந்தது.

"ஏய்யா, வடையைத் தின்னா இறகு முளைக்குமா? காத்தும் மழையும் வந்தா இதைத் தரையிலதான் பொறுக்கணும்!"

"பிள்ளை அழுவுதேடி."

"அழட்டும்! அந்த எண்ணெய்ப் பண்டத்துல அப்படி என்னதான்யா இருக்கு?"

அப்பன் காக்கா அலகை உயர்த்தியது. "ருசியெல்லாம் பிடுங்கிட்டு வர்றதுலதான். கடைக்காரன் கூப்பிட்டுக் கையில குடுத்தா நானே தொட மாட்டேன்."

திட்ட வாயைத் திறந்த தாய்க்காக்கா, தலையைச் சாய்த்துக் குஞ்சை ஒரு பார்வை பார்த்தது.

மறுநாள் கொழுத்த புழு ஒன்றைக் கொண்டுவந்தது. "இது எனக்கு. எவனாவது தொட்டா கொத்திப்புடுவேன்" என்று அதட்டிவிட்டு, காலடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனது.

குஞ்சு மெல்ல நகர்ந்து வந்தது. வெடுக்கென்று இழுத்து விழுங்கியது.

"எவன்டா என் புழுவைத் தின்னது?" மரமே அதிரக் கத்தியது தாய்க்காக்கா. குஞ்சு அப்பன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தது.

திட்டித் தீர்த்துவிட்டுப் பறந்துபோன தாய்க்காக்கா, ஒரு வேப்பம்பழத்தோடு திரும்பி வந்தது. அதைக் காலடியில் பாதி மறைத்து, பாதி தெரிய வைத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டது.