ஈரச் சுவரும் கிட்டாரும்

நல்லூரில் காலையிலிருந்து ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது. கீழ்த்தளத்து பனியன் யூனிட்டில் துணி தேய்க்கும் ஆவி படியேறி வந்து, மாடி வீட்டு ஜன்னல் கண்ணாடியில் வெள்ளையாகப் படிகிறது. யூனிட்டின் முதலாளி தனபால், ஹால் சுவரில் பென்சிலால் குறி போட்டுவிட்டு, டிரில்லிங் மெஷினோடு நாற்காலிமேல் நிற்கிறார். மகள் தேஜஸ்ரீயின் கிட்டாரை அங்கே மாட்ட அவருக்கு ஆசை. "ஊட்டுக்கு வர்றவங்க பாக்கோணுமல்லோ கண்ணு?" தேஜஸ்ரீ அவருடைய இடது கையைப் பிடித்துச் சுவரில் வைக்கிறாள். பெயிண்டில் சில்லென்று ஈரம் கசிகிறது. "ஈரமுங்கப்பா. இதுல தொங்குனா பலகை உப்பீரும். மொத கிட்டாரு சித்திரை வெயில்ல காஞ்சு வெடிச்சுதே, மறந்துட்டீங்களா?" அந்தச் சத்தத்தை அவள் மறக்கவில்லை, இந்த முறை அதற்கு இடம் கொடுப்பதாகவும் இல்லை. உள்ளறை அலமாரியிலிருந்து கிட்டார்ப் பெட்டியை எடுத்து வந்து, கட்டில்மேல் வைத்துத் திறக்கிறாள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரின் முள், கிட்டாருக்கு ஏற்ற ஐம்பது சதவீதத்தில் அசையாமல் நிற்கிறது. ஏற்றுமதிச் சட்டைகளோடு போடுகிற, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் கிட்டாரின் கழுத்தடியில் கிடக்கின்றன. டியூப்லைட் வெளிச்சத்தில் பலகை தேன் நிறமாய், ஒரு கீறல்கூட இல்லாமல் மின்னுகிறது. அவள் ஒரு தந்தியைச் சுண்டுகிறாள். கீழே ஓடும் தையல் மிஷின்களின் இரைச்சலில் அது கேட்கவே இல்லை. தனபால் நாற்காலியிலிருந்து இறங்கி, டிரில்லைத் தரையில் வைத்துவிட்டு, படிக்கட்டில் தலையை நீட்டுகிறார். "மிஷினையெல்லாம் கொஞ்ச நேரம் நிறுத்துங்கப்பா! பாப்பா வாசிக்குது!" ஒவ்வொரு மிஷினாக அடங்குகிறது. மழை மட்டும் மிச்சமிருக்க, தேஜஸ்ரீ முதல் சுரத்தைத் தொடுகிறாள்.