நாளைக்குள் ஓர் ஓணான்

வேலியோடு போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதைச் செய்வதற்கென்றே கிளிஃபர்ட் பார்டில், பிராட்ஃபோர்டு ஊருக்குள் மூன்று பஸ் மாறி, கைவிடப்பட்ட ஓணான், பல்லிகளுக்கான அந்தக் காப்பகத்துக்கு வந்திருந்தார்.

பக்கவாதம் வந்து இலையுதிர் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போன மனைவி மேவிஸ் நாளை வீடு திரும்புகிறாள். பிள்ளையில்லாத வீட்டில் பிள்ளைக்குப் பிள்ளையாக அவள் வளர்த்த, கழுத்துச் செதில் தாடிபோல் உப்பும் தாடி ஓணான், போன மாதக் குளிரில் அவர் பொறுப்பில் இருக்கும்போது செத்துப்போனது.

"நல்லா சாப்பிடுறான்" என்று அதற்குப் பிறகும் தினமும் ஆஸ்பத்திரியில் வாய்கூசாமல் சொன்னார். அவள் ஒரு பக்க உதட்டால் சிரிப்பாள். அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அதே நிறத்தில் இன்னொன்று கிடைத்தால் போதும். ஆனால் ஒன்றைச் சாகவிட்டவருக்கு இன்னொன்றைக் கொடுப்பார்களா? அதனால் இதற்குமுன் வளர்த்ததே இல்லை என்று சொல்லிவைத்தார்.

காப்பகத்துப் பெண் ஷோனாவுக்கு நல்ல வாய்.

"அப்ப முழுசாக் கேட்டுக்கோங்க, மிஸ்டர் பார்டில். குரைக்காது, சோபாவைக் கிழிக்காது. ஆனா சூட்டுக்குப் பகல் பூரா லைட் எரியணும், கரண்டு பில்லைப் பார்த்தா உங்களுக்கு இருக்கிற நாலு முடியும் கொட்டிரும். தீனிக்கு உயிரோட சில்வண்டு வாங்கி வைக்கணும், ராத்திரி பூரா கச்சேரிதான். இங்க இருக்கிறதெல்லாம் ஆசைக்கு வாங்கி, அலுத்துப்போய் விட்டுட்டுப் போனதுங்க. கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பார்க்காது."

"எங்க வீட்டம்மாவும் அப்படித்தான்," என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

கடைசிக் கூண்டில் இருந்தது அதே செம்மண் நிறம். மேவிஸுக்கு வித்தியாசம் தெரியாது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஷோனா அதை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அதன் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"இன்னொண்ணு. குளிர் வந்தா சிலது தூங்கிப்போயிரும். வாரக்கணக்குல திங்காது, அசையாது, தொட்டா சில்லுன்னு இருக்கும். செத்துப்போச்சுன்னு பொதைச்சுட்டு வர்ற பாவிங்களும் இருக்காங்க."

தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"பொதைச்சா... முழிச்சதும் தோண்டிக்கிட்டு வந்துருமா?"

"அதெல்லாம் சூப்பராத் தோண்டும். காட்டுல மண்ணுக்குள்ளதானே தூங்குது! வெயில் வந்தா அதுவே மேல வந்துரும்."

புது ஆளுக்குத் தைரியம் சொல்லிவிட்ட நிறைவோடு அவள் ஓணானைச் சுற்றித் தர ஒரு துண்டு எடுத்துவரப் போனாள்.

நான்கு நாளாக நல்ல வெயில். நரி வந்து கிளறிவிடக் கூடாதே என்று கிளிஃபர்ட் மேவிஸின் ஓணானை பிஸ்கட் டின்னுக்குள் படுக்கவைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, குழியை மூடிய பிறகு தோட்டத்திலேயே கனமான கல்லாகப் பார்த்து மேலே தூக்கி வைத்திருந்தார்.