திங்கட்கிழமை வரை பூட்டு

கையில் சுத்தியலோடு லிஃப்டிலிருந்து வெளியே வந்த பெண்ணைப் பார்த்ததும் பூட்டுக்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அடுக்குமாடி பார்க்கிங்குகளில் விதியை மீறி நிற்கும் கார்களின் சக்கரத்தில் பூட்டு மாட்டுவது அவர் வேலை. பதினோரு வருடத்தில் செருப்பு, குடை, ஒருமுறை பூந்தொட்டி என்று எல்லாம் பார்த்தாயிற்று. சுத்தியல் இதுதான் முதல் தடவை.

"நீங்களே கழட்டறீங்களா, இல்ல நான் உடைக்கட்டுமா?"

நீலக் காரின் முன்சக்கரத்தில் மஞ்சள் பூட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சூட்கேஸும் கறுப்புக் கண்ணாடியுமாக அவளுடைய மாமியார் நின்றார். வண்டி அவருடையது.

"சுத்தியலை அந்தப் பக்கம் வை" என்றார் மாமியார். மருமகள் வைத்தாள். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில்தான் வைத்தாள்.

"புகார் போட்டோவோட வந்திருக்கும்மா" என்று பூட்டுக்காரர் போனை நீட்டினார். "காலைல ஆறு நாற்பது. வண்டியில விருந்தாளி பாஸ் இல்ல."

"வெச்சேனே தம்பி. நேத்து சாயங்காலம் வண்டியோட முன்கண்ணாடிக்குப் பின்னாடி என் கையால வெச்சேன். வண்டியைப் பூட்டிட்டு சாவியை வீட்டு ஆணியில மாட்டினேன். முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல்ல ஊருக்கே ஓட்டக் கத்துக் கொடுத்தவ நான்."

"இப்போ இல்லையே."

"பாஸ் வைக்கணும்னு சொல்ற போர்டு எங்க இருக்கு?" மருமகள் குறுக்கே பாய்ந்தாள். "தூணுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சா யாருக்குத் தெரியும்? எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கு. நான் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல பொடி எழுத்தைப் படிச்சே கண்ணாடி போட்டவ. என்கிட்ட இதெல்லாம் நடக்காது."

சொன்னதோடு நிற்காமல் பையிலிருந்து அளவு நாடாவை உருவிக்கொண்டு போர்டின் உயரத்தை அளக்கப் போய்விட்டாள். மாமியாரை வழியனுப்ப இவ்வளவு துடிப்பா என்று பூட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் ஒரு மாமியார் உண்டு, அதனால் ஆச்சரியப்படவில்லை.

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "சின்னவன் வீட்டுக்குக் கிளம்பினேன் தம்பி. இங்க பத்து நாள்னு வந்தது, நாலு மாசம் ஆயிடுச்சு. நேத்து சமையலறை டப்பாவையெல்லாம் இடம் மாத்தி வெச்சேன். 'என் வீட்டுல சர்க்கரையை நான் தேடணுமா'ன்னு கேட்டுட்டா. நான் பெட்டியை எடுத்துட்டேன்."

"விடுங்கம்மா. எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான்."

"கேட்டது கூடப் பரவாயில்ல. பெட்டியை எடுத்தப்ப, 'இருங்க அத்தை'ன்னு ஒரு வார்த்தை. சொன்னா என்ன, குறைஞ்சா போயிடுவா? வாயே திறக்கல." கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

பூட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். "பெரியவங்க, கிளம்பற நேரத்துல நிறுத்தி வைக்க வேணாம். முதல் தடவை எச்சரிக்கைன்னு எழுதிட்டு இப்பவே கழட்டிடறேன்."

தூணுக்குப் பின்னால் அளவு நாடா சரேலென்று சுருண்டது. மருமகள் ஓடி வந்து சக்கரத்துக்கும் அவருக்கும் நடுவே நின்றாள்.

"எச்சரிக்கையா? அப்போ எங்க அத்தை தப்பு பண்ணினதா ஆகாதா? அவங்க ஓட்டின தூரத்துக்கு உங்க கம்பெனி நடந்துகூடப் போயிருக்காது. உங்க தயவு வேணாம். மேல்முறையீடு பண்றோம், ஃபாரத்தைக் கொடுங்க."

"மேல்முறையீடு பண்ணிட்டா முடிவு வர்ற வரைக்கும் பூட்டை நானே தொடக்கூடாதும்மா. இன்னிக்கு சனிக்கிழமை. திங்கட்கிழமைதான் ஆபீஸ் திறப்பாங்க."

"ஆகட்டும். மானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

கூடி வந்த காரியத்தை வாயாலேயே கெடுத்துக்கொள்கிறாளே என்று அவருக்குத் தோன்றியது. படித்தவர்களிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று ஃபாரத்தை நீட்டினார். வண்டியின் சொந்தக்காரர் என்ற இடத்தில் மாமியார் கையெழுத்துப் போட்டார்.

"எனக்காக இப்படி மல்லுக்கு நிக்க இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல" என்றார், மருமகளைப் பார்க்காமல். "இன்னும் ரெண்டு நாள்தானே, இருந்துட்டுப் போறேன். டப்பாவை எல்லாம் பழைய இடத்துலயே வெச்சுடறேன்."

"ஒண்ணும் வேணாம். இப்போ பழகிடுச்சு" என்றாள் அவள், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே.

மாமியார் சூட்கேஸை இழுத்துக்கொண்டு போய் லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். அந்த லிஃப்ட் அவசரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. பத்தடி தள்ளி அவர் காத்து நிற்க, மருமகள் தன் போனை எடுத்து, சாட்சிக்கு என்று பூட்டை நாலு பக்கமும் படம் பிடித்தாள்.

பூட்டுக்காரருக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. மேல்முறையீடு வந்தால், புகார் கொடுத்தவருக்கு உடனே போனில் தெரிவிக்க வேண்டும். பெயர் தர மாட்டார்கள், நம்பர் மட்டும்தான். அவர் அந்த நம்பரை அழுத்தினார்.

மருமகளின் கையிலிருந்த போன் பார்க்கிங் முழுக்கக் கேட்கும்படி அலறியது.

அவர் போனைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். இத்தனை நேரம் எகிறிய பெண்ணின் கண் நிரம்பியிருந்தது. போனை வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு அருகில் வந்தாள்.

"கட் பண்ணுங்கண்ணே, அத்தை திரும்பிப் பார்க்கறாங்க."