எதிர்ப்பக்கத்துக் கவிதை

வார இதழின் நடுப்பக்கத்தில் அவன் பெயர் அச்சாகியிருந்தது.

அவன் எதையும் அனுப்பவில்லை.

அதாவது, இந்தப் பெயரில் அனுப்பவில்லை.

மதியச் சாப்பாட்டு வேளை. சர்வே ஆபீஸின் பின்னறை. டிபன் பாக்ஸ்களுக்கு நடுவே காதலர் தினச் சிறப்பிதழ், ரசம் தெறிக்காத தூரத்தில் விரிந்து கிடந்தது.

“பூனை மாதிரி இருந்துக்கிட்டு என்ன வேலை பண்ணியிருக்கீங்க தில்லை சார்!” என்றாள் ரெஜினா. போன மாதம்தான் மாற்றலாகி வந்தவள்.

“இவரா? கவிதையா?” என்றார் சீனியர் கதிர்வேலு. “மெமோவுக்கே நான்தாம்மா பதில் எழுதிக் குடுக்கிறேன்.”

ரெஜினா இடது பக்கத்தை முதலில் வாசித்தாள்.

ரோஜா தரமாட்டேன்,
வாடும்.
நிலவைத் தரமாட்டேன்,
தேயும்.
அறுந்த சட்டைப் பட்டன் தருகிறேன்.
தைத்துக் கொடு.
காதல் அவ்வளவுதான்.

கீழே, மரகதவல்லி.

கதிர்வேலுவுக்குப் புரையேறியது.

“இது பொம்பளை எழுதினதே இல்லை” என்றாள் ரெஜினா. “பூ வாங்குற காசும் மிச்சம், தையல் கூலியும் மிச்சம். ஆள் கெட்டிக்காரன்.”

“பட்டன் கவிஞர்!” என்றார் கதிர்வேலு, தலையைத் தட்டிக்கொண்டே.

கதிர்வேலு ஒரு பெயர் வைத்தால் லேசில் போகாது. பழைய சூப்பிரண்டெண்டுக்கு வைத்தது, பிரிவுபசார மேடையில் மைக்கிலேயே வந்துவிட்டது.

அவன் மோர் குடித்தான். கூடச் சேர்ந்து சிரிக்கவும் செய்தான்.

மனைவி பெயரில் எழுதுவது புதிதில்லை. பத்திரிகைகளில் பாதிப் பெண்கள் மீசை வைத்தவர்கள். அவன் பெயரில் போனவை திரும்பி வந்தன. மரகதவல்லி என்று போட்டான். திரும்பவில்லை.

அவளைக் கேட்கவில்லை.

பெருமைப்படுவாள் என்று அவனே முடிவு செய்துகொண்டான்.

பக்கத்து வீட்டில் யாராவது பாராட்டினால் அவள் சிரிப்பாள். வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை.

“இப்ப நம்ம சார் எழுதினது” என்றாள் ரெஜினா.

வலது பக்கம்.

ரோஜா கேட்கவில்லை.
நிலவையும் கேட்கவில்லை.
ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதே.
எடுத்த பொருளை
எடுத்த இடத்தில் வை.
என் பெயரையும்.

கீழே, அ. தில்லைநாயகம்.

யாரும் சிரிக்கவில்லை.

காலையில் துண்டை எங்கே போட்டோம் என்று யோசித்தான். யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

மரகதவல்லி ஒன்று எழுதியிருக்கிறாள். அனுப்பலாம் என்று பார்த்தால் அவள் பெயர் அவளிடம் இல்லை. வீட்டில் சும்மா கிடந்தது அவன் பெயர்தான்.

“ரெண்டு பேருக்கும் பூ வேண்டாம், நிலா வேண்டாம். சரி” என்றாள் ரெஜினா. “ஆனா அவன் குடுக்காம இருக்க சாக்கு தேடுறான். இது சொல்லிச் சொல்லி ஓஞ்சுபோன குரல். எப்படி சார் உங்களுக்கு வந்துச்சு?”

“அதானே” என்றார் கதிர்வேலு. குரலில் கிண்டல் இல்லை. அது புதுசு.

“கடைசி வரிதான் பிடிபடலை. அது என்ன சார், ‘என் பெயரையும்’?”

இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள்.

சும்மா ஒரு இதுக்கு எழுதினேன் என்று சொல்லிவிடலாம். நல்ல கவிதை அவனுடையதாகிவிடும். பட்டன் கவிதை எவனோ ஒருவனுடையதாகிவிடும்.

இவ்வளவு சுலபமாக எதுவும் அவனுக்கு அமைந்ததில்லை.

ரெஜினா பேனாவை நீட்டினாள். “ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டணும். அவரும் துண்டு கேஸ்தான்.”

வாங்கினான்.

வலது பக்கத்தில் இருந்த தன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தான்.

பக்கத்தில் எழுதினான். மரகதவல்லி.

“என்ன சார் இது?”

“என் வீட்டுக்காரி. அவ எழுதினது.”

ரெஜினாவுக்கு ஒரு நொடி பிடித்தது. அவள் பார்வை மெதுவாக இடது பக்கத்துக்குப் போனது.

“அப்ப இது?”

அங்கிருந்த மரகதவல்லியையும் அடித்தான்.

கவிதைக்குக் கீழே இப்போது பெயர் இல்லை.

கதிர்வேலு சோறு பிசைவதை நிறுத்தினார். அவர் உதடு ஓரமாக விரிய ஆரம்பித்தது.

அவன் ஓய்வு பெற இன்னும் நிறைய வருடம் இருந்தது.

அவன் அங்கே தன் இன்ஷியலைப் போட்டான். புள்ளி வைத்தான்.