ராயபுரம் ஆங்கர்ஸ், மூன்றாவது சீசன்

ஆட்டோவிலிருந்து இடது காலைத்தான் முதலில் கீழே வைத்தான் அறிவு.

மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த நாங்கள் ஒன்பது பேரும் அப்படியே நின்றுவிட்டோம்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அந்தக் கால் மரத்துக் கிடந்தது. முதுகெலும்பில் விரிசல். நடப்பானா என்று கேட்டதற்கு, டாக்டர் "பார்க்கலாம்" என்றுதான் சொல்லியிருந்தார்.

பிடித்துக்கொள்ள ஓடினேன். அவன் அம்மா ரமாபாய் கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"தனியா நடக்கணும்னு காலைலேர்ந்து சொல்லிக்கினு கீறான். நீ புடிக்காத, ஜெனிஷு."

கையை இழுத்துக்கொண்டேன்.

எங்கள் கிளப்பை ஆரம்பித்தவர் டென்னிஸ் அண்ணன். கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஆஸ்திரேலியாவிலிருந்து முட்டை வடிவில் ஒரு சிவப்புப் பந்தைக் கொண்டுவந்து, அந்த ஊர் ஃபுட்பாலை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம். இரண்டு கோடியிலும் நான்கு நான்கு கம்பங்கள். எங்களுடையவை சவுக்குக் கம்பங்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் திருவொற்றியூர் சாலைக்குப் பின்னால்தான் மைதானம்.

மூன்றாவது சீசனில் கோப்பை எங்கள் ஆங்கர்ஸுக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அறிவு இருந்ததால் சொன்னார்கள். அவனைப்போல எகிறிப் பந்தைப் பிடிக்க வேறு ஆள் கிடையாது.

மாநில அணிக்கு எங்கள் கிளப்பிலிருந்து ஒருவரைத்தான் எடுப்பார்கள். அவன், இல்லையென்றால் நான். அவன்தான் என்பது எனக்கும் தெரியும்.

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பயிற்சியில் விழுந்தான். மழை பெய்து ஊறிய தரை. கால் வழுக்கிவிட்டது என்று டென்னிஸ் அண்ணனிடம் அவனே சொன்னான். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அப்படியே எழுதினார்கள்.

மாநில அணிக்கு என் பெயர் வந்தது. நான் போகவில்லை.

தோஸ்துக்காக விட்டுக்கொடுத்தவன் என்று கிளப்பில் என்னைத் தூக்கிவைத்துப் பேசினார்கள். எங்கள் ஹார்டுவேர் கடையில் ஆணி வாங்க வந்தவர்கள்கூட அப்பாவிடம் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அறிவுக்கு அடிபட்டதைப் பார்த்துப் பல வீடுகளில் பிள்ளைகளை ஆட விடாமல் நிறுத்திவிட்டார்கள். ஒரு ஆட்டத்துக்கு ஏழு பேரோடு போனோம். இன்னொன்றுக்கு ஆளே சேரவில்லை. ஆடியதெல்லாம் தோல்வி. அறிவு ஆட்டோவில் வந்து இறங்கிய அன்றுதான் சீசனின் கடைசி ஆட்டம்.

ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் வியாசர்பாடியில் அறிவு வீட்டுக்குப் போவேன். குடியிருப்பில் மூன்று மாடி ஏறி, அவன் காலைப் பிடித்து மடக்கி மடக்கி நீட்டுவேன். அவன் மின்விசிறியைப் பார்த்தபடி சினிமா பேசுவான், கிரிக்கெட் பேசுவான். எங்கள் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டான்.

நானும் பேசமாட்டேன்.

இப்போது அவன் நடந்தான். வலது கால் பதிந்தது. இடது கால் கொஞ்சம் மண்ணைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வந்தது. ஒருமுறை உடம்பு சாய்ந்தது. ரமாபாய் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அவன் நின்று, நிமிர்ந்து, மறுபடி நடந்தான்.

எல்லைக் கோட்டருகே கிடந்த பந்தைக் குனிந்து எடுத்தான்.

இரண்டு கையாலும் பிடித்து, கீழே விட்டு, இடது காலாலேயே உதைத்தான். பந்து தள்ளாடித் தள்ளாடிப் பத்தடி வந்து என் நெஞ்சில் விழுந்தது. கட்டிக்கொண்டேன்.

எதிரணிக்காரர்கள்கூடக் கை தட்டினார்கள். டென்னிஸ் அண்ணன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அறிவு என் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டான். பாரம் முழுவதையும் என்மேல் சாய்த்தான். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"இன்னா மாமு, இன்னிக்காவது பந்தப் பாத்து எகிறு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

இந்த ஆட்டத்தில் அடுத்தவன் முதுகில் முழங்காலை ஊன்றி எகிறுவது தப்பே இல்லை. கண் மட்டும் பந்தின் மேல் இருக்க வேண்டும். அவன் விழுந்த அன்று மற்றவர்கள் எல்லாம் மறுகோடியில் இருந்தார்கள். பந்துக்கு நாங்கள் இருவர்தான். அவன் எகிறினான். அவனுக்குப் பின்னால் நானும் எகிறினேன். பந்து எந்தப் பக்கம் போனது என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவன் முதுகை.

இத்தனை ஞாயிறும், நான் அவன் காலை மடக்கி நீட்டியபோதெல்லாம், அவனுக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது.

"பாக்குறேன்டா" என்றேன்.

விசில் ஊதும்வரை அவன் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

அன்றும் தோற்றோம், முப்பத்தொரு பாயிண்ட் வித்தியாசத்தில். வீட்டுக்கு வந்து ஜெர்சியைக்கூடக் கழற்றாமல் படுத்தவன் அப்படியே தூங்கிப்போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா மூன்று முறை கூப்பிட்டாளாம். எனக்குக் கேட்கவே இல்லை.